மறுநாள் சாப்பாடு

உத்தியோகத்தை உதறிவிட்டுப் போனவனின் கதை எந்தக் காலத்திலும் விலை போகிற சரக்கு. முதல் தேதி சம்பளம் வாங்கி, வாடகைக்கும் பாலுக்கும் மளிகைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பத்திரிகை வாங்கிப் படிக்கிற வாசகனுக்கு, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஆபீஸ் படியிறங்கிப் போகிற கதாநாயகனைக் கண்டால் உடம்பு சிலிர்க்கிறது. தன்னால் முடியாததை அவன் செய்கிறான். இந்தச் சிலிர்ப்பில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை உண்டாக்குகிற ஆசிரியர் எதைக் காட்டுகிறார், எதைக் காட்டாமல் விடுகிறார் என்று ஒருவர் கவனிக்கத்தான் வேண்டும்.

ஆங்கில நாவலாசிரியர் சாமர்ஸெட் மாம் இந்த விஷயத்தை ஒரு தடவை அல்ல, மூன்று தடவை எடுத்துக்கொண்டு எழுதினார். 1915இல் 'ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்'. 1919இல் 'தி மூன் அண்ட் ஸிக்ஸ்பென்ஸ்'. 1944இல் 'தி ரேஸர்ஸ் எட்ஜ்'. வசதிக்காக இவற்றை 'மனிதத் தளை', 'நிலவும் ஆறு பென்ஸும்', 'கத்தி முனை' என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். கேள்வி ஒன்றேதான்: உலகம் நல்ல வழி என்று காட்டும் வழியை விட்டுவிட்டு, தனக்கென்று தோன்றிய வழியில் ஒருவன் போகலாமா? இதற்கு மாம் சொல்லும் பதில்கள் மூன்று. இளைஞர்களின் மனத்தை அதிகமாகப் பறித்துக்கொள்கிற பதில் எதுவோ, அதுதான் மிகவும் குறைவாக உண்மை பேசுகிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பதில் 'நிலவும் ஆறு பென்ஸும்' நாவலில் இருக்கிறது. சார்லஸ் ஸ்டிரிக்லண்ட் லண்டனில் பங்குத் தரகர். வயது நாற்பது. மனைவி, இரண்டு குழந்தைகள், விருந்துக்கு வருகிற சிநேகிதர்கள் எல்லாம் உண்டு. அதிகம் பேசாத, பேசினாலும் சுவாரஸ்யம் இல்லாத மனிதர். ஒரு நாள் மனைவிக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதிவிட்டுப் பாரிஸுக்குப் போய்விடுகிறார். யாரோ ஒரு பெண்ணோடு ஓடிவிட்டார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கதை சொல்பவர் தேடிக்கொண்டு போனால், அழுக்கு ஹோட்டல் ஒன்றில் அவர் தனியாக இருக்கிறார். படம் எழுத வேண்டும், எழுதாமல் இருக்க முடியாது என்கிறார். அவ்வளவுதான் காரணம். பிறகு வறுமை, நோய், தாஹிதித் தீவு, குஷ்டம், குருட்டுத்தனம். குடிசைச் சுவர் முழுவதும் எழுதிய மகா சித்திரத்தைத் தாம் இறந்தபின் எரித்துவிடச் சொல்லிவிட்டுச் சாகிறார்.

படிக்கும்போது விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. கதை சொல்லுவதில் மாமுக்கு நிகரானவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கடிதத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லும் அதே கடிதத்தில், ஊரிலிருந்து வந்து இறங்கும் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அன்று ராத்திரிச் சாப்பாடு தயாராக இருக்கும், வேலைக்காரியிடம் சொல்லியிருக்கிறேன் என்று ஸ்டிரிக்லண்ட் எழுதுகிறார். அன்று ராத்திரிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. மறுநாளைக்கு? அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. வேதனை என்னவென்றால், ஆசிரியருக்கும் அவ்வளவாக இல்லை. ஸ்டிரிக்லண்டின் மனைவி சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு, ஒரு சின்ன ஆபீஸ் வைத்துப் பிழைத்துக்கொண்டாள் என்று சில வரிகளில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். அந்தச் சில வரிகளுக்குள் எத்தனை ராத்திரிகள்! அதை எழுதியிருந்தால் அதுவே ஒரு நாவல். கடைசியில் அவளையே, இறந்துபோன கணவனின் படப் பிரதிகளைச் சுவரில் மாட்டிக்கொண்டு பெருமை பேசுகிற போலியாகக் காட்டி ஆசிரியர் சிரிக்கிறார். இரண்டு குழந்தைகளுக்கும் சோறு போட்டு ஆளாக்கியவள் அவள் என்பது அந்தச் சிரிப்பில் அடிபட்டுப்போகிறது.

ஸ்டிரிக்லண்டுக்கு மூலமாக இருந்தவர் பிரெஞ்சு ஓவியர் பால் கோகான். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள மாம் 1917இல் தாஹிதிக்கே போனார். கோகான் சித்திரம் தீட்டியிருந்த ஒரு கண்ணாடிக் கதவை விலைக்கு வாங்கிக்கொண்டும் வந்தார். கதவைக் கொண்டுவந்தவர், கோகானின் வாழ்க்கையில் நடுவில் கிடந்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களைக் கொண்டுவரவில்லை.

நடந்தது என்ன? கோகான் பங்குத் தரகு வேலையில் நன்றாகச் சம்பாதித்தவர். 1873இல் மெட் என்ற டென்மார்க் தேசத்துப் பெண்ணை மணந்தார். ஐந்து குழந்தைகள். அந்தக் காலத்திலேயே ஓய்வு நேரங்களில் படம் எழுதிக்கொண்டிருந்தார். 1876இல் அவருடைய படம் ஒன்று பாரிஸின் பெரிய கண்காட்சியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிறகு, அன்று புதுமைக்காரர்கள் என்று பெயர் வாங்கியிருந்த இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களோடு சேர்ந்து தம் படங்களை வைத்தார். 1882இல் பாரிஸ் பங்குச் சந்தை விழுந்தது. அடுத்த வருஷம் அவர் உத்தியோகம் போய்விட்டது. குடும்பத்தோடு ரூவான் நகரத்துக்குப் போனார். அங்கே பிழைக்க முடியவில்லை. மனைவியின் ஊரான கோபன்ஹேகனுக்குப் போய், அந்த ஊர்ப் பாஷை தெரியாமலே தார்ப்பாய் விற்கும் ஏஜெண்டாக அலைந்தார். மெட் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். 1885இல் ஆறு வயதுப் பையன் ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு கோகான் பாரிஸுக்குத் திரும்பினார். அந்தக் குளிர்காலத்தில் குழந்தைக்கு அம்மை கண்டது. தகப்பனார் கூலிக்குச் சுவரொட்டி ஒட்டிக் காசு தேடினார். மனைவியோடு கடிதப் போக்குவரத்து அதற்கப்புறமும் பல வருஷங்கள் நடந்தது. கோபமும் கெஞ்சலும் கணக்கு வழக்குமாக. தாஹிதிக்குக் கப்பல் ஏறியது 1891இல்தான்.

ஆகவே, மின்னல் வெட்டியதுபோல் ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. வேலையில் இருந்தபடியே பத்து வருஷம் கை பழகிக்கொண்டிருந்தது. சந்தை விழுந்து வேலையும் போனது. அப்புறம் எட்டு வருஷம் இழுபறி. மாம் இவ்வளவையும் எடுத்தெறிந்துவிட்டு, ஒரு கடிதத்தையும் ஒரு ரயில் பிரயாணத்தையும் வைத்தார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. நாவல் ஜீவிய சரித்திரம் அல்ல. ஆனால் உரிமையைப் பயன்படுத்தி அவர் எதை நீக்கினார் என்று பார்த்தால், சங்கடமானதை எல்லாம் நீக்கியிருக்கிறார். தார்ப்பாய் விற்ற மேதையைவிட, கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போன மேதை பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கிறான்.

இதன் விளைவு பெரியது. குடும்பத்தை நினைக்காததே மேதையின் அடையாளம் என்று வாசகன் நம்பத் தொடங்குகிறான். ஸ்டிரிக்லண்டைத் தன் வீட்டில் வைத்துப் பணிவிடை செய்து பிழைக்கவைத்த ஸ்ட்ரோவின் மனைவி பிளாஞ்ச், கணவனை விட்டு அவரோடு போய், பிறகு விஷம் குடித்துச் சாகிறாள். அதையும் மேதைக்குச் செலுத்திய காணிக்கைபோல் நாம் ஏற்றுக்கொண்டு விடுகிறோம். நிஜக் கோகான் தாஹிதியில் மனைவியாக வைத்துக்கொண்ட பெண்ணுக்குப் பதின்மூன்று வயது இருக்கும் என்கிறார்கள். அந்தப் படங்களின் முன்னால் நிற்பவர்கள் இன்று அதையும் சேர்த்துத்தான் யோசிக்கிறார்கள். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை யோசிக்காமல் இருக்க வேண்டியதில்லை. யோசிப்பதால் படம் கெட்டுப்போகவும் போகாது.

இந்த நாவலிலேயே யாரும் கவனிக்காத இன்னொரு மனிதர் இருக்கிறார். ஆபிரகாம் என்ற டாக்டர். படிப்பில் முதல்வர், பரிசுகள் வாங்கியவர், பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சேருவதற்கு முன் கப்பலில் ஓர் உல்லாசப் பிரயாணம் போகிறார். அலெக்ஸாண்ட்ரியாத் துறைமுகத்தைக் கண்டதும், வாழவேண்டிய இடம் இதுதான் என்று தோன்றிவிடுகிறது. பதவியை ராஜிநாமா செய்துவிட்டு, அங்கேயே ஒரு சின்ன அரசாங்க வைத்திய உத்தியோகத்தில் அமர்ந்து விடுகிறார். வருஷங்கள் கழித்துப் பார்த்தபோது, சாப்பாட்டுக்குக் காணும்படி வருகிறது, ஒரு நாளும் வருத்தப்படவில்லை என்கிறார். அவர் விட்ட இடத்தைப் பிடித்து, பட்டமும் பணமும் சேர்த்த வேறொரு டாக்டர், வாழ்க்கையைப் பாழாக்கிக் கொண்டவன் என்று அவரைச் சொல்கிறார். மனத்துக்குப் பிடித்ததைச் செய்து நிம்மதியாக இருப்பதா பாழாவது என்று மாம் கேட்கிறார். நாவலின் உயிரான பக்கங்கள் இவைதான். ஆபிரகாம் தொழிலை விடவில்லை, அந்தஸ்தைத்தான் விட்டார். அதற்கு ஆன விலையை அவரே கொடுத்தார். வேறு யார் தலையிலும் அது விழவில்லை. இப்படிப்பட்டவரைப் பற்றி மாம் எழுதியது சில பக்கங்கள். ஸ்டிரிக்லண்டைப் பற்றி ஒரு முழு நாவல்.

நான்கு வருஷம் முன்னால் எழுதிய 'மனிதத் தளை'யில் இதே ஆசிரியர் மிகவும் நேர்மையாக இருந்தார். அதன் நாயகன் பிலிப் கேரி பிறவியிலேயே கால் ஊனமானவன். லண்டனில் கணக்காளர் ஆபீஸ் ஒன்றில் தொழில் பழகச் சேருகிறான். பிடிக்கவில்லை. விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் போய் இரண்டு வருஷம் ஓவியம் பயில்கிறான். இதுவரை ஸ்டிரிக்லண்டின் கதைதான். ஆனால் அந்தப் பள்ளியில் ஃபானி பிரைஸ் என்று ஒருத்தி இருக்கிறாள். கொஞ்சமும் கை வராதவள். தனக்குக் கை வரும் என்று வெறியோடு நம்பி, பட்டினி கிடந்து படம் எழுதுகிறவள். கடைசியில் கையில் காசும் இல்லாமல், மேலே போக வழியும் இல்லாமல் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். லட்சியத்துக்காக எல்லாவற்றையும் துறந்தவள்தான் அவளும். தைரியத்தில் ஸ்டிரிக்லண்டுக்குக் குறைந்தவள் அல்ல. திறமை இல்லை, அவ்வளவுதான். உலகத்தில் ஸ்டிரிக்லண்டுகளைவிட ஃபானி பிரைஸ்கள் அதிகம். எழுத்துத் தொழிலில் இருக்கிற எனக்கு இதைச் சொல்லச் சந்தோஷம் இல்லை.

அவள் சாவைப் பார்த்த பிலிப், தன் படங்களைக் கிழட்டு ஆசிரியர் ஃப்வானேயிடம் கொண்டுபோய்க் காட்டி உண்மையைச் சொல்லும்படி கேட்கிறான். உழைப்பு இருக்கிறது, புத்தி இருக்கிறது, நடுத்தரமான ஓவியனுக்கு மேல் ஆகமாட்டாய் என்கிறார் அவர். காசைத் துச்சமாகப் பேசுகிறவர்களை நம்பாதே என்றும் எச்சரிக்கிறார். கலைஞனை வறுமை புடம் போடும் என்று சொல்லுகிறவர்கள், அந்த வறுமையில் ஒரு நாள்கூட இருந்து பார்க்காதவர்கள் என்பது அவர் கருத்து. போகிறபோது அவர் சொல்வதுதான் மனத்தைத் தைக்கிறது. தம்முடைய இளவயதில் இப்படி யாராவது முகத்துக்கு நேரே தம்மிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார்.

பிலிப் திரும்பி வந்து வைத்தியம் படிக்கிறான். பங்குச் சந்தையில் கையிருப்பைத் தொலைத்து, ராத்தங்க இடமில்லாமல் தெருவில் படுத்து, ஜவுளிக்கடையில் வாரம் ஆறு ஷில்லிங்குக்கு வேலை பார்த்து, மறுபடியும் படிப்பை முடிக்கிறான். அந்த நாவலில் ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் கணக்கு இருக்கிறது. கடைசியில், ஸ்பெயினுக்கும் கீழ்த்திசைக்கும் போகவேண்டும் என்ற கனவை விட்டுவிட்டு, கடலோரத்துச் சிற்றூரில் ஒரு கிழ டாக்டரோடு கூட்டாக வைத்தியம் பார்க்கவும், ஓர் எளிய பெண்ணை மணந்துகொள்ளவும் தீர்மானிக்கிறான். இதைத் தோல்வி என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பிரசவ கேஸ்களுக்காக லண்டனின் ஏழைச் சந்துகளில் ஏறி இறங்கியபோதுதான் பிலிப்புக்கு மனிதர்கள் புரிந்தார்கள். அர்த்தமுள்ள வாழ்க்கை அவனுக்கு ஓவியத்தில் கிடைக்கவில்லை. எல்லோரும் செய்கிற தொழில் ஒன்றில் கிடைத்தது.

ஒரு சுவையான செய்தி. பிலிப், நிலவுக்கு ஆசைப்பட்டுக் காலடியில் கிடக்கும் ஆறு பென்ஸைப் பார்க்காதவன் என்று அந்த நாவலுக்கு வந்த ஒரு மதிப்புரை சொன்னது. அந்தச் சொற்களிலிருந்துதான் மாம் தமது அடுத்த நாவலுக்குத் தலைப்பு எடுத்துக்கொண்டார். முதல் நாவலில் நாயகனைக் குனிந்து பார்க்கவைத்தவர், இரண்டாவதில் நிலவையே பார்த்துக்கொண்டு நடக்கவிட்டார்.

மாமின் சொந்த வாழ்க்கை என்ன சொல்லுகிறது? அவரும் உத்தியோகத்தை விட்டவர்தான். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் படித்து 1897இல் டாக்டரானார். அதே வருஷம் முதல் நாவல் வெளிவந்து விற்கவே, வைத்தியத்தைக் கைவிட்டு எழுத்தாளரானார். நல்ல பெயரும் பணமும் வந்தது 1907இல் ஒரு நாடகம் மேடையில் வெற்றியடைந்த பிறகுதான். இடையில் பத்து வருஷம். அதைத் தாண்டுவதற்குத் தகப்பனார் வழியில் வந்த வருஷம் 150 பவுன் கை கொடுத்தது. பிற்காலத்தில், எழுத்தாளனுக்கு வைத்தியத் தொழிலில் சில வருஷங்கள் இருப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்றும் எழுதினார். விட்டுவந்த உத்தியோகம்தான் அவருக்கு எழுத்தைக் கொடுத்தது. சொத்து வருமானம் சோற்றைக் கொடுத்தது.

மூன்றாவது நாவலான 'கத்தி முனை'யில் அந்தச் சொத்து வருமானம் மறுபடியும் தலைகாட்டுகிறது. யுத்தத்தில் விமானியாக இருந்து, தன்னைக் காப்பாற்றிய தோழன் கண்முன்னே சாவதைப் பார்த்துவிட்டு வந்த லாரி, சிக்காகோவில் தனக்குக் காத்திருந்த பங்குத் தரகு வேலையை வேண்டாம் என்கிறான். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று தேடிக்கொண்டு பாரிஸில் படிக்கிறான்; சுரங்கத்தில் வேலை செய்கிறான்; இந்தியாவுக்கு வருகிறான். நல்ல பையன். ஸ்டிரிக்லண்டைப் போல் யாரையும் மிதிக்கிறவன் அல்ல. ஆனால் அவனுக்கு வருஷம் மூவாயிரம் டாலர் வருமானம் இருக்கிறது. அந்தப் பணத்தில் பாரிஸில் குடித்தனம் நடத்த முடியாது என்று அவன் காதலி இஸபெல் பிரிந்துபோகிறாள். அவளைப் பேராசைக்காரி என்று நாம் ஏசுகிறோம். அவனோ அந்த மூவாயிரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அர்த்தம் தேடுகிறான் என்பதை மறந்துவிடுகிறோம். மாம் மறக்கவில்லை. நாவலின் முடிவில் லாரி அந்த வருமானத்தை விட்டுவிட்டு, நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டிப் பிழைக்கப் போவதாகச் சொல்கிறான். என் கணக்கில் அவனுடைய உண்மையான துறவு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆசிரியர் அந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்.

லாரிக்கு ஞானம் காட்டுகிற குருவைத் திருவிதாங்கூரில் வைத்தாலும், மாம் மனத்தில் இருந்தவர் நம் திருவண்ணாமலை ரமண மகரிஷி. 1938இல் மாம் அங்கே வந்தார்; வந்த இடத்தில் மயக்கமாகி விழுந்தார். மகரிஷி அவர் படுத்திருந்த அறைக்கே வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் கழித்து அவரைப் பற்றி மாம் ஒரு நீண்ட கட்டுரையும் எழுதினார்.

அந்த மகரிஷி வீட்டை விட்டுப் போன கதை நமக்குத் தெரிந்ததுதான். அது உத்தியோகத்தை விட்ட கதை அல்ல. பள்ளிக்கூடத்தை விட்ட கதை. 1896 ஆகஸ்டில், பதினாறு வயது வேங்கடராமன் மதுரையில் அண்ணாவுக்குக் காலேஜ் சம்பளம் கட்டுவதற்காக வீட்டில் கொடுத்த ஐந்து ரூபாயில், ரயிலுக்கு வேண்டும் என்று மூன்று ரூபாய் எடுத்துக்கொண்டான். இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்தான். அந்தக் கடிதத்தில், யாரும் தேட வேண்டாம் என்பதோடு, உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இதோடு இரண்டு ரூபாய் இருக்கிறது என்றும் தெரிவித்திருந்தான். எல்லாவற்றையும் விட்டுப் போகிற பையன் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான். பின்னாளில் தாயார் அழகம்மாள் மலைக்கே வந்து அவரோடு தங்கினார். 1922இல் அந்த அம்மாள் காலமான அன்று மகன் பக்கத்திலிருந்து நகரவில்லை.

ஸ்டிரிக்லண்டின் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சிறியவை, இரண்டும் திரும்பி வராதவர்கள் எழுதியவை. ஆனால் ஒன்றில் பாக்கி மறைக்கப்பட்டிருக்கிறது, மற்றதில் சொல்லப்பட்டிருக்கிறது. லட்சியம் பெரிதாக இருந்தால் பாக்கி சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

உத்தியோகத்தை விட்டுவிட்டு எழுத வரலாமா என்று கேட்டு எனக்கும் இளைஞர்கள் கடிதம் எழுதுகிறார்கள். உத்தியோகத்தில் இருப்பதே புண்ணியம் என்று நான் பதில் எழுதுவதில்லை. பிடிக்காத நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்து, அந்த எரிச்சலை வீட்டில் கொட்டுகிறவனும் குடும்பத்தைத்தான் வதைக்கிறான். சம்பளக் கவரில் அது தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆனால் போவதற்கு முன்னால், போகிற வேலையில் கை பழகியிருக்கிறதா, இரண்டாவது மாச வாடகையை யார் கொடுக்கப் போகிறார்கள், அவர்களிடம் கேட்டாயிற்றா என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுகிறேன். கேட்காமலே இன்னொருவர் தலையில் செலவை எழுதிவிட்டுப் போவதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாமைப் படிக்க விரும்புகிறவர்கள் 'நிலவும் ஆறு பென்ஸும்' படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. 'மனிதத் தளை' தடிப் புத்தகம். நடுவில் கொஞ்சம் இழுக்கும். இருந்தாலும் ஃபானி பிரைஸ் அறைக் கதவை உடைத்துத் திறக்கிற இடம் வரைக்குமாவது பொறுமையாகப் படிக்க வேண்டும். ராஜிநாமாக் கடிதம் எழுதலாம் என்று பேனாவைத் திறந்து வைத்திருப்பவர்கள், அதைப் படித்துவிட்டு எழுதட்டும்.